நிட்டிங் அண்ணனின் காதும் ஒரு கல்கத்தா கேசட்டும்

திருப்பூரில் ஜாஸ் கேட்கிறவர்கள் எனக்குத் தெரிந்து மூன்றே பேர். நான்காவதாக யாராவது இருந்தால் தயவுசெய்து வந்து சேர்ந்துகொள்ளவும். அதே மூன்று பேருக்குள் எத்தனை வருஷம்தான் அடித்துக்கொள்வது?

முதல் ஆள் நிட்டிங் அண்ணன். ஐம்பதைத் தாண்டியவர், கணியூர்ப் பக்கம் தென்னந்தோப்பு உள்ள குடும்பம். ஊருக்கு வெளியே நிட்டிங் யூனிட் வைத்திருக்கிறார். நூலைக் கொடுத்தால் வட்ட மெஷின்களில் போட்டுத் துணியாகப் பின்னிக் கொடுப்பார். மீசை முளைத்த நாளிலிருந்து அந்த மெஷின்களுக்கு நடுவில்தான் நிற்கிறார். இரண்டாவது ஆள் லேபிள்காரர். விருதுநகர்ப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து காதர்பேட்டையில் கடை போட்டவர். பனியன் கழுத்தில் தைக்கிற லேபிள், எலாஸ்டிக், பட்டன் என்று சில்லறைச் சாமான்கள் விற்கிறார். மூன்றாவது ஆள் நான். ஏற்றுமதிக் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். துணி வாங்குகிற வெளிநாட்டு பையருக்கும் உள்ளூர் யூனிட்டுகளுக்கும் நடுவில் நின்றுகொண்டு இரண்டு பக்கமும் திட்டு வாங்குவதற்குக் கம்பெனியில் வைத்திருக்கும் பெயர் அது.

எனக்கு ஜாஸ் பழகியது டெலிபோனில். ஒரு பையரின் ஆபீசுக்குப் போன் போட்டால், அங்கே போனை எடுக்கிற பெண் "ஒரு நிமிஷம்" என்று சொல்லிவிட்டுக் காணாமல் போய்விடுவாள். அதுவரை காதில் ஒரு பியானோவும் ஒரு டிரம்பெட்டும் ஓடும். ஷிப்மென்ட் தாமதத்துக்கு என்ன பொய் சொல்லலாம் என்று யோசித்துக்கொண்டே கேட்பேன். கொஞ்ச நாளில் பொய் மறந்துபோய்ப் பாட்டை மட்டும் கேட்க ஆரம்பித்தேன். அவள் சட்டென்று திரும்பி வந்துவிட்டால் எரிச்சல் வரும். இன்னும் கொஞ்சம் காக்க வைக்கக் கூடாதா என்று இருக்கும்.

நிட்டிங் அண்ணனுக்கு அதைப் பழக்கியது மெஷின் மாட்ட வந்த ஒரு வெளிநாட்டு ஃபிட்டர். லேபிள்காரருக்கு யூடியூப். நாங்கள் மூன்று பேரும் சந்தித்தது ஒரு லேபிள் தகராறில். கழுத்து லேபிள் தப்பாக வந்துவிட்டது என்று நான் காதர்பேட்டைக் கடையில் நின்று கத்திக்கொண்டிருந்தேன். கல்லாவுக்குப் பின்னால் சின்னதாக ஒரு சாக்ஸபோன் ஓடிக்கொண்டிருந்தது. பாதிக் கத்தலில் நிறுத்திவிட்டு, "இது யாருங்க வாசிக்கறது?" என்று கேட்டேன். பக்கத்து நாற்காலியில் டீ குடித்துக்கொண்டிருந்த ஒருவர், "அப்படிக் கேளுங் அம்மணி!" என்று எழுந்தே விட்டார். அவர்தான் நிட்டிங் அண்ணன். லேபிள் விஷயம் என்ன ஆனது என்று இன்றைக்கு வரை எனக்கு நினைவில்லை.

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமானால் ராயபுரத்தில் அண்ணன் வீட்டு ஹாலில் கூடிவிடுவோம். எங்களுக்கென்று ஒரு முறை உண்டு. எங்கள் தொழிலில் பையருக்கு சாம்பிள் அனுப்பினால் 'அப்ரூவ்டு' என்றோ 'ரிஜக்ட்' என்றோ பதில் வரும். பதில் வராமல் ஒரு கஜம் துணி ஓட்ட முடியாது. எங்கள் இசைக்கு அண்ணன்தான் பையர். இணையத்தில் யார் எதைத் தோண்டி எடுத்து வந்தாலும் முதலில் அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். முடிந்ததும் "ஓக்கேங்க" என்பார், அல்லது "ரிஜக்டுங்க" என்பார். அதற்குப் பிறகுதான் நாங்கள் வாயைத் திறக்கலாம். அந்த வீட்டில் அந்த ஒரு மணி நேரம் அவர் ராஜா. அவருடைய யூனிட்டில் கூட அவருக்கு அவ்வளவு மரியாதை கிடையாது.

வெளிநாட்டுப் பெயர்கள் எங்கள் வாயில் நிற்காது. அதனால் கலைஞர்களுக்கு நாங்களே பெயர் வைத்துவிடுவோம். இழுத்து இழுத்து வாசிக்கிற சாக்ஸபோன்காரர் 'எலாஸ்டிக்'. எந்நேரமும் கோபமாக இருக்கிற டிரம்பெட்காரர் 'மாமனார்'. ஒரு டிரம்மர் இருக்கிறார். அவருக்கு அண்ணன் வைத்த பெயர் 'வாட்ச்மேன்'. அந்தப் பெயரைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"அவரு என்னுங் அம்மணி பண்றாரு? மில்லு கேட்டுக்கிட்ட வாட்ச்மேன் உக்காந்துக்கற மாதிரி சும்மா உக்காந்துக்கறாரு. அப்பப்ப எந்திரிச்சு ஒரு தட்டு தட்டறாரு. அதுக்குப் பேரு டிரம்சுங்களா?"

"அண்ணா, அவரு சிம்பல்ல, அந்த வெங்கலத் தட்டுல, எவ்வளவு வேலை செய்யறாருன்னு கேளுங்ணா! மழத்தூறல் மாதிரி உழுந்துக்கிட்டே இருக்குது!"

"எங்கீங் தூறுது? எனக்குத் துளி கூட உழுகலீங்களே."

இந்தச் சண்டையை எத்தனை ஞாயிற்றுக்கிழமை போட்டிருக்கிறோம் என்பதற்குக் கணக்கே இல்லை. 'உங்களுக்கு ரசனையே கிடையாது, போய் நூல் வேஸ்ட்டை எடை போடுங்க' என்று ஒருமுறை சொல்லிவிட்டு எழுந்து வந்தேன். மறுநாள் அவர் வீட்டிலிருந்து ஒரு குலை இளநீர் வந்தது. அடுத்த ஞாயிறு மறுபடி அதே சண்டை.

இப்போது கேசட் கதைக்கு வருகிறேன்.

கல்கத்தாவில் ஒரு ஓட்டலில் முன்னொரு காலத்தில் சாயங்காலந்தோறும் ஜாஸ் வாசித்த ஒரு டிரம்பெட்காரர் இருந்தார். நம் நாட்டுக்காரர். அவருடைய வாசிப்பில் இரண்டு நிமிடத் துண்டு ஒன்றுதான் இணையத்தில் கிடந்தது. அண்ணன் அதைக் கேட்டுவிட்டுக் கிறுக்குப் பிடித்துப்போனார். அந்தத் துண்டுக்குக் கீழே யாரோ ஒரு புண்ணியவான், அந்த ஓட்டலில் அவருடைய வாசிப்பை ஒரு கேசட்டாகப் போட்டு வந்தவர்களுக்குக் கொடுத்தார்கள் என்று எழுதியிருந்தார். அவ்வளவுதான். பழைய சாமான் விற்கிற இணையதளங்களையெல்லாம் மூன்று பேரும் பங்கு போட்டுக்கொண்டு தேடினோம். கேட்டது ஒன்று, வந்தது ஒன்று. ஒரு தடவை ரவீந்திர சங்கீதம் வந்தது. இன்னொரு தடவை டப்பா மட்டும் வந்தது, உள்ளே கேசட் இல்லை. எங்கள் தையல் லைனில் வேலை செய்கிற வடநாட்டுப் பிள்ளைகளிடம் பொறுக்கிய இந்தியை வைத்துக்கொண்டு நான் கல்கத்தா வியாபாரிகளிடம் போனில் சண்டை போட்டேன். அவர்கள் பெங்காலியில் திட்டினார்கள். நல்லவேளை, எனக்குப் புரியவில்லை.

கடைசியில் ஒரு நாள் மெய்யாகவே அது கிடைத்தது. லேபிள்காரர் கண்டுபிடித்தார். கடைக்குக் கூரியர் வந்தது. மனுஷன் ஞாயிறு வரை பொறுக்க வேண்டாமா? பொறுக்கவில்லை. கையில் கிடைத்த டேப் ரெக்கார்டரில் போட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று பக்கத்தில் செல்போனை வைத்து முதல் பாட்டைப் பதிவும் செய்துவிட்டார். முதல் பாட்டு முடிந்ததும் டேப் ரெக்கார்டர் கேசட்டின் நாடாவை மென்று துப்பிவிட்டது. நாடா கொத்தவரங்காய் வற்றலைப் போலச் சுருண்டுவிட்டது. செல்போனில் பதிந்த அந்த ஒரு பாட்டுதான் மிச்சம்.

"உங்களையெல்லாம் கட்டி வெச்சு உதைக்கோணும்!" என்று போனில் கத்தினேன்.

"உதைங்க மேடம், ஆனா பாட்டக் கேட்டுட்டு உதைங்க. அந்த டிரம்ஸ் இருக்கு பாருங்க... யம்மா!" என்றார்.

அந்த ஞாயிறு அண்ணன் வீட்டு ஹாலில் செல்போனைப் பெரிய ஸ்பீக்கரோடு இணைத்தோம். அண்ணனின் மனைவியை நாங்கள் அக்கா என்போம். அவரும் அன்றைக்கு அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். பாட்டு ஆரம்பித்தது. பியானோ, அடியில் உறுமுகிற பாஸ், அந்த டிரம்பெட். அதற்கெல்லாம் பின்னால், மெல்லிசாக, சிக்கு சிக்கு சிக்கு என்று விடாமல் ஒரு பிரஷ் வாசிப்பு. கம்பி விசிறி மாதிரி ஒரு பிரஷ்ஷால் டிரம்மின் தோலைத் தேய்த்து வாசிப்பார்கள், அது. எனக்குப் புல்லரித்துவிட்டது. பியானோ தயங்கித் தயங்கிப் போகிறது, டிரம்மர் தயங்கவே இல்லை. டிரம்பெட் அழுகிறது, டிரம்மர் கண்டுகொள்ளவே இல்லை. தன் போக்கில் போய்க்கொண்டே இருக்கிறார். நடுவில் திடீரென்று மொத்தமாக நிறுத்திவிட்டார்! டிரம்பெட் மட்டும் அந்தரத்தில் தொங்குகிறது. அப்புறம் மெள்ள ஒரு சிக்கு. கொஞ்சம் கழித்து இன்னொரு சிக்கு. அப்படியே வேகம் பிடித்து மறுபடி முழு ஓட்டம்.

அண்ணன் தீர்ப்புச் சொல்வதற்கு முன்னால் வாயைத் திறக்கக் கூடாது என்கிற விதியெல்லாம் பறந்துவிட்டது.

"அந்த நிறுத்தம்! என்னா தைரியம் மேடம்!" என்றார் லேபிள்காரர்.

"தைரியமா? இது தவமுங்க!" என்றேன் நான். வெட்கமில்லாமல் சொன்னேன்.

அண்ணன் கண்ணைத் திறந்தார். "டிரம்பெட்டு ஓக்கேங்க. நெம்ப நல்லாருக்குது. ஆனா டிரம்சுன்னு என்னமோ சொல்றீங்களே, எங்கீங் இருக்குது?"

நாங்கள் இரண்டு பேரும் சிரித்தோம். "ஏனுங்ணா, காதுல நூல் கீல் அடைச்சுக்கிச்சுங்களா?" என்றேன்.

"இல்லீங் அம்மணி, மறுக்காப் போடுங்க."

மறுபடி போட்டோம். அண்ணன் முன்னால் சாய்ந்து உட்கார்ந்தார். மூன்றாம் முறை ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்டார். நான் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். டிரம்பெட் வரும் இடத்தில் முகம் மலர்ந்தது. டிரம்மர் நிறுத்துகிற இடத்தில், நாங்கள் எல்லாம் மூச்சைப் பிடித்த இடத்தில், அந்த முகத்தில் ஒன்றுமே நடக்கவில்லை. எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு அவர் சொன்னார்: "போன வருசம் மருமகன் கூட்டிக்கிட்டுப் போயி டெஸ்ட் எடுத்தாருங்க. காதுக்கு மிஷின் வெக்கச் சொன்னாங்க. வயசான ஆளுக வெக்கறதுன்னு நாந்தான் வேண்டாம்னுட்டேன். பேச்சுக் கொஞ்சம் தவறுது, அத்தோட போச்சுன்னு நெனச்சேனுங்க. பாட்டே போயிருச்சுன்னு நெனக்கலீங்க."

அக்கா எழுந்து உள்ளே போனார்.

"டிரம்சே கேக்காத ஆளு இனி எதையுங்க அப்ரூவ் பண்றது? நீங்க ரெண்டு பேரும் கேளுங்க" என்றார். அன்று ராத்திரி எங்கள் வாட்ஸாப் குரூப்பிலிருந்து அவர் வெளியேறிவிட்டதாக ஒரு வரி வந்தது. வேறு ஒன்றும் எழுதவில்லை.

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. அவர் இல்லாமல் என்ன ஞாயிற்றுக்கிழமை? நானும் லேபிள்காரரும் ஒரு ஞாயிறு லேபிள் கடையில் உட்கார்ந்து கேட்டுப் பார்த்தோம். நான் நன்றாக இருக்கிறது என்றேன், அவரும் நன்றாக இருக்கிறது என்றார். அதற்கு மேல் பேச ஒன்றுமில்லை. டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். அக்கா போன் செய்து, "ஸ்பீக்கர் மேல துணியப் போட்டு மூடிட்டாருங் அம்மணி. பாட்டே போடறதில்லீங்க. ஊடு ஊடாவே இல்லீங்க" என்று சொன்னார்.

அப்புறம் ஒரு நாள் காங்கயம் ரோட்டில் ஒரு நிட்டிங் யூனிட்டுக்குப் போயிருந்தேன். துணி வரவில்லை, பையர் குதிக்கிறார், வழக்கமான கூத்துதான். மேனேஜரை நிற்க வைத்துக் காய்ச்சிக்கொண்டிருந்தேன். அப்போது என் கால் தாளம் போட ஆரம்பித்தது. மூளைக்குத் தெரிவதற்கு முன்னால் காலுக்குத் தெரிந்துவிட்டது. சிக்கு சிக்கு சிக்கு சிக்கு. பக்கத்து மெஷினில் நூல் அறுந்து சிவப்பு விளக்கு எரிந்தது. மெஷின் தானாக நின்றது. ஒடிசாக்காரப் பெண் ஒருத்தி வந்து நூலை முடிச்சுப் போட்டாள். துணியில் ஓட்டை விழுந்திருக்கிறதா என்று பார்க்க, பட்டனை லேசாக அழுத்தி மெஷினைக் கொஞ்சமாக நகர்த்தினாள். ஒரு சிக்கு. மறுபடி அழுத்தினாள். இன்னொரு சிக்கு. திருப்தியானதும் முழு வேகத்தில் விட்டாள்.

அடப் பாவிகளா!

நான் 'தவம்' என்று சொன்ன டிரம்மர் என் முன்னால் நூல் பின்னிக்கொண்டிருந்தார். அங்கேயே சிரிக்க ஆரம்பித்தேன். நிறுத்த முடியவில்லை. திட்டு வாங்கிக்கொண்டிருந்த மேனேஜர், "ஏனுங் மேடம், தண்ணி வேணுமுங்களா?" என்று பயந்துபோய்க் கேட்டார். வெளியே ஓடி வந்து லேபிள்காரருக்குப் போன் போட்டேன்.

"அந்தக் கேசட்ட எங்க வெச்சுங்க போட்டீங்க?"

"என் மச்சான் யூனிட்ல மேடம். ஆயுத பூஜைக்குப் பாட்டுப் போட அங்கதான் ஒரு டேப் ரெக்கார்டர் கெடக்கு."

"என்ன யூனிட்டு?"

"நிட்டிங்தான்."

"பதிவு பண்ணறப்ப அங்க சத்தம் இல்லீங்களா?"

"அங்க என்ன மேடம் சத்தம்? ஒரு ஈ காக்கா கெடையாது. மெஷின் மட்டும்தான் ஓடிக்கிட்டு இருந்துச்சு."

போனை வைத்தேன். இந்த ஊரில் யாரைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வார்கள். மெஷின் ஓடுவது சத்தக் கணக்கிலேயே வராது. மெஷின் நின்றால்தான் என்ன சத்தம் என்று எட்டிப் பார்ப்போம். வாழ்நாளெல்லாம் காதில் விழுகிற சத்தத்தை முதல் தடவையாகக் காது கொடுத்துக் கேட்டு, அதைக் கல்கத்தாவின் மகா கலைஞன் என்று கும்பிட்டிருக்கிறோம் நானும் லேபிள்காரரும்.

ஸ்கூட்டரை நேராக ராயபுரத்துக்கு விட்டேன். செருப்பைக் கூட ஒழுங்காகக் கழற்றவில்லை. "அண்ணா! நீங்கதானுங்ணா ரைட்டு! அதுல டிரம்சே இல்லீங்!" என்று வாசலிலிருந்தே கத்தினேன்.

விஷயத்தைச் சொன்னதும் அண்ணன் முதலில் நம்பவில்லை. லேபிள்காரருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் விட்டேன். "ஆமாண்ணே, மெஷின்தாண்ணே" என்று அவர் ஈனஸ்வரத்தில் ஒப்புக்கொண்டார். அண்ணன் தொடையில் தட்டித் தட்டிச் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "தவமுன்னீங்களே அம்மணி, தவமுன்னு! என்ற யூனிட்டுக்கு வாங்க, இருவது தவசிக நின்னு பின்னிக்கிட்டிருக்கறாங்க!" என்றார். அக்காவைக் கூப்பிட்டு, "அம்மணிக்குக் காப்பி போடு, இனிப்பு இருந்தா எடுத்துட்டு வா" என்றார். அத்தனை நாளாக முகத்தில் இருந்த இருட்டு அப்படியே விலகியது. எனக்கும் மனசு லேசாகிவிட்டது. நான் சோபாவில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டேன்.

சிரித்துக்கொண்டே இருந்தவர் மெள்ள நிறுத்தினார்.

"ஏனுங் அம்மணி."

"சொல்லுங்ணா."

"அந்த மெஷின் சத்தம், அது பாட்டுல இருந்துச்சில்லீங்?"

"இருந்துச்சுங்ணா."

"உங்க ரெண்டு பேருக்கும் கேட்டுச்சில்லீங்?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. தலையை மட்டும் ஆட்டினேன்.

"எனக்குக் கேக்கலீங்களே" என்றார். "அதுவும் நிட்டிங் மெஷின் சத்தம். அது எனக்குக் கேக்கலீங்களே."

ஜெயித்த வாயாலேயே தோற்றுப்போனார் மனுஷன். நான் ஓடி வந்ததே தப்போ என்று இருந்தது. அக்கா காப்பித் தட்டோடு வாசற்படியில் நின்றுகொண்டிருந்தார்.

"நானும் இதத்தான ஒரு வருசமாச் சொல்லீட்டிருக்கறேன்" என்றார் அக்கா.

"நீ சொல்றது காதுல உழுந்தாத்தான?" என்றார் அண்ணன். அதற்கு மூன்று பேருமே சிரித்துவிட்டோம். சிரித்து முடித்ததும் அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நான் காப்பியை ஒரே மூச்சில் குடித்துவிட்டு எழுந்தேன். "கெளம்புங்ணா, கோயமுத்தூருக்கு. இன்னைக்கு முடியாட்டி நாளைக்கு. மிஷின் வெக்கறோம்."

"இருங் அம்மணி. வெச்சும் கேக்காட்டி?"

"கேக்கும்."

"கேக்காட்டி என்னுங்க பண்றது? இப்பவாச்சும் வெக்காததுனால கேக்கலைன்னு சொல்லிக்கலாம். வெச்சும் கேக்காட்டி அப்பறம் சொல்லிக்கறதுக்கு ஒண்ணுமே இல்லீங்களே. பாட்டு அத்தோட முடிஞ்சுதுங்களே."

ஒரு வருஷமாக மிஷின் வேண்டாம் என்று அவர் தள்ளிப்போட்டது எதற்கென்று எனக்கு அந்த நிமிஷம்தான் புரிந்தது. வயசான ஆள் வைப்பது என்றதெல்லாம் சும்மா. பயம். அவரைச் சமாதானப்படுத்த எனக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் சண்டைதான்.

"அண்ணா, வாட்ச்மேனுக்காக நான் உங்ககூட இத்தன வருசமாத் தொண்டை கிழியச் சண்ட போட்டிருக்கறேன். அத்தனையும் காது கேக்காத ஆளுகூடப் போட்ட சண்டையா? எனக்கு அது தெரிஞ்சாகோணும். நாளைக்குக் காலைல கார் எடுங்க" என்றேன்.

மறுநாள் காரில் அண்ணன், அக்கா, நான். கோயமுத்தூரில் காது சோதனை செய்கிற பெண் சின்ன வயசுக்காரி, நல்ல பொறுமைசாலி. கண்ணாடி அறையில் அவரை உட்கார வைத்து விதவிதமாகச் சத்தம் கொடுத்துப் பார்த்தாள். கனத்த சத்தமெல்லாம் அவருக்கு நன்றாகக் கேட்கிறது, மெல்லிசாக மேலே போகப் போகக் கேட்பதில்லை என்றாள். மெஷின் ஹாலில் வருஷக்கணக்காக நின்றவர்களுக்கு வருவதுதானாம். பாஸ் கேட்கும், பியானோ கேட்கும், டிரம்பெட் கேட்கும். சிம்பலும் பிரஷ்ஷும் போய்விடும். நான் எழுந்து நின்றுவிட்டேன். வாட்ச்மேன் வேலை செய்வது முழுக்க சிம்பலில்தான்.

மிஷினை மாட்டியதும் அண்ணன் முதலில் திரும்பிப் பார்த்தது அக்காவின் கையை. "இந்த வளையலு இத்தனை சத்தம் போடுதா?" என்றார். அக்கா வேண்டுமென்றே கையை இன்னும் இரண்டு ஆட்டு ஆட்டினார்.

பாட்டுதான் சரியாக வரவில்லை. கார் ஏறியதும் செல்போனில் போட்டுக் கேட்டுவிட்டு, "தகர டப்பாவுல கல்லப் போட்டு ஆட்டறாப்பல இருக்குதுங்க" என்று மிஷினைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அவிநாசி தாண்டியும் அதை வெளியே எடுக்கவில்லை. வீட்டுக்கு வந்து அந்தப் பெண்ணுக்குப் போன் போட்டேன். பேச்சுக்காக வைத்த மிஷின் பாட்டை இரைச்சல் என்று நினைத்து அமுக்கிவிடும், பாட்டுக்கென்று தனியாக மாற்றி வைக்கலாம், அதற்குப் பிறகும் காது பழகக் கொஞ்ச நாள் ஆகும், தினமும் மாட்டச் சொல்லுங்கள் என்றாள். மறுபடி கூட்டிக்கொண்டு போய் மாற்றி வந்தோம். அக்கா பல் தேய்க்கச் சொல்கிற மாதிரி தினமும் காலையில் மாட்டிக்கொள்ளச் சொல்லிப் பின்னாலேயே நின்றார்.

ஒரு சனிக்கிழமை குரூப்பில் அண்ணன் மறுபடி சேர்ந்துகொண்டார். "நாளைக்கு வாங்க" என்று மட்டும் எழுதியிருந்தார். எப்படிக் கேட்கிறது என்று கேட்டு நானும் லேபிள்காரரும் மாறி மாறி எழுதினோம். பதில் இல்லை.

ஞாயிறு போனபோது ஸ்பீக்கர் மேல் துணி இல்லை. அண்ணன் நேராக வாட்ச்மேன் வாசித்த பாட்டு ஒன்றைப் போட்டார். நாங்கள் அதிகம் சண்டை போட்ட பாட்டு அதுதான். கண்ணை மூடிக்கொண்டார். பாஸ் வந்தது, பியானோ வந்தது. நான் பாட்டைக் கேட்கவில்லை. அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். சிம்பல் ஆரம்பிக்கிற இடத்தில் அவருடைய வலது கை நாற்காலியை விட்டு எழுந்தது. அந்தரத்தில் அப்படியே நின்றது. விரல்கள் ஒவ்வொன்றாக ஆடின. பாட்டு முடிகிற வரை கை இறங்கவே இல்லை.

"அம்மணி, தூறுதுங்க" என்றார். மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. "இத்தன வருசமா மனுசன் எவ்வளவு வேல செஞ்சிருக்கறாரு. நான் பாட்டுக்கு வாட்ச்மேன்னு பேரு வெச்சுட்டனே."

லேபிள்காரர் மூக்கை உறிஞ்சினார். நான் ஜெயித்துவிட்டேன். எத்தனையோ வருஷச் சண்டையில் நான் ஜெயித்துவிட்டேன், அதைக் கொண்டாடக் கூடத் தோன்றாமல் சந்தோஷத்தில் உட்கார்ந்திருந்தேன். கூடவே சின்னதாக ஒரு ஏமாற்றமும் இருந்தது. இனிமேல் யாரோடு சண்டை போடுவது?

அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டு அதே பாட்டை இன்னொரு முறை போட்டார். பாதியில் நெற்றியைச் சுருக்கினார். முடிந்ததும் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"நல்லாத்தான் இருக்குதுங்க. ஆனா அம்மணி, தப்பா நெனச்சுக்காதீங்க. கொஞ்சம் ஓவருங்க. பாவம், அந்தப் பியானோக்காரர மூச்சு உடவே மாட்டேங்கறாரு. நசநசன்னு உழுந்துக்கிட்டே இருக்குது. ரிஜக்டுங்க."

"என்னது!" நான் எழுந்தே விட்டேன். "அண்ணா, உங்களுக்கு மிஷின் வெச்சது காதுக்கா, வாய்க்கா? ரிஜக்டா? அந்தத் தாளத்துக்கு ரிஜக்டா?" என்று கத்தினேன். லேபிள்காரர் நடுவில் புகுந்து அண்ணன் பக்கம் சாய்ந்தார். அவரையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். அண்ணன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, கையை ஆட்டி ஆட்டி, ராஜா மாதிரி எனக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். சத்தத்தில் ஜன்னல் அதிர்ந்தது.

அக்கா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"மெதுவாப் பேசுங் அம்மணி" என்றார். "அவருக்குத்தான் இப்பக் காது கேக்குதில்லீங்."